அம்மா இருவாச்சியைப் பார்த்தாள்

பாம்பன்

அன்பு நூருக்கு,

இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். உம்மா மவுத்துக்கு நான் வரவில்லை, ஃபோனில் நாலு வார்த்தை பேசியதோடு சரி. ஆறு மாதமாக அது நெஞ்சிலேயே கிடக்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது எழுத வைத்தது அம்மாதான்.

தை கடைசியில் அம்மாவை வால்பாறைக்குக் கூட்டிப் போனேன். மதுரையைத் தாண்டாதவள்! கடல்பாசி எடுக்க முங்கி முங்கிக் காது கெட்டுப்போய், இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கிளம்பினோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. எந்த அலைக்கும் குமட்டாதவள், பத்தாவது வளைவிலேயே என் மடியில் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை காட்டுக்குள் நடை. வழி காட்டியது அந்த மலையின் காடர் பழங்குடிப் பையன் ஒருவன். பேசக் கூடாது, செண்ட் பூசக் கூடாது என்றான். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் அட்டை நிறைய. அம்மா முந்தானையில் நம்ம ஊர் உப்பை முடிந்து வந்திருந்தாள், எல்லாருக்கும் அதுதான் வைத்தியம். நீ வந்திருந்தால் கத்தியே காட்டைக் காலி பண்ணியிருப்பாய். தவளை அறுத்த அன்று லேபில் நீ செய்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் எதுவுமே கண்ணில் படவில்லை. மழைக்காட்டில் விலங்குகள் பெரும்பாலும் நூறடி உயரத்தில், மர உச்சியில்தான் இருக்கின்றன. கீழே வெயிலே விழாது. பச்சையாக ஒரு மங்கல் வெளிச்சம். அம்மா ஒரு மரத்தில் ஈரப் பாசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "முங்கினா உள்ள இப்படித்தான் இருக்கும் தாயி" என்றாள்.

நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம். காது கேட்காத அவளோ தரையையே பார்த்து நடந்தாள். திடீரென்று நின்று, கீழே கிடந்த ஒரு வெடிப்பலாப் பூவை எடுத்தாள். பாதி கடித்தது. விரலால் தொட்டாள், ஈரம். "இப்பத்தான் கடிச்சிருக்கு." அண்ணாந்து பார்த்தால், பிடரியைச் சுற்றி நரைமுடியோடு சிங்கவால் குரங்குகள், ஏழெட்டு! மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை, நூரு. அந்தப் பையன் அதற்கப்புறம் அம்மாவைத் தன் பக்கத்திலேயே நடக்க வைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் இருவாச்சி. ஒரு பெரிய மரத்துக்குத் தொலைவிலேயே எங்களை உட்கார வைத்தான். மரத்தில் ஒரு பொந்து. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை உள்ளே போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளுமாம். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். சிறகு உதிர்ந்து, வாரக்கணக்காக உள்ளேயே கிடக்கும். சாப்பாடு ஆண் கொண்டுவந்து தருவதுதான். அந்த ஆணை எவனாவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கிற தாய் குஞ்சு கதியும் அவ்வளவுதான். இவ்வளவு பெரிய பொந்து கிழட்டு மரங்களில்தான் அமையும், அதனால் வருஷா வருஷம் அதே மரத்துக்கே திரும்பி வரும். மரத்தை வெட்டிவிட்டால் அது எங்கே போகும், சொல்.

முக்கால் மணி கழித்து ஆண் வந்து உட்கார்ந்தது. மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு அலகை வைத்தது மாதிரி கொண்டை. தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்துக் கீற்றுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கும், மறையும். அம்மா விரல்விட்டு எண்ணினாள். பதினேழு.

பறவை பறந்து போனதும் மெதுவாகச் சொன்னாள்: "நூரு வாப்பா மவுத்தாகி, அவ உம்மா வெளிய வராம இத்தா இருந்தப்ப நாந்தான் தினம் மீன் ஆணம் கொண்டு போவேன். அந்த இருட்டு ரூம்ல தூக்குவாளிய வாங்க நீளுற கை மட்டும்தான் தெரியும். நாலு மாசம் பத்து நாளு."

எனக்கு இது தெரியாது, நூரு. உனக்குத் தெரியுமா? காட்டில் பேசக் கூடாது என்பதால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்ததிலிருந்து அம்மா பேசுகிறாள். பாசி எடுக்கும் பெண்களை உட்கார வைத்து இருவாச்சி கதைதான். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாள் பாசியை வளர விடுவது என்று நம்ம பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதை மீறப் பார்த்த ஒருத்தியிடம் அந்தப் பொந்தைச் சொல்லியே சண்டை போட்டாள்.

அவள் முன்போல் பேசக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? அடுத்த தையில் மறுபடி போகிறோம். பத்தாவது படிக்கும்போது சத்தியம் செய்தாயே, மலைக்குப் போனால் சேர்ந்துதான் என்று. இந்தத் தடவை நீ இல்லாமல் போக மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒருமுறை ஊருக்கு வா. உம்மாவின் பித்தளைத் தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறாள், உன் கையில்தான் கொடுப்பாளாம்.

உன்
முனீசு