ஐயாவுக்கு ஒரு கடிதம்: வலைப்பூவை எதில் நடத்துவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கப்போவதாகவும், எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒன்பது மென்பொருள்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வசதிகளைக் குறித்திருந்தீர்கள். நீங்கள் ஓராண்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் எது என்னவாகும் என்ற குறிப்பு மட்டும் அதில் இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. உங்களைப் போல ஒரே பொருளில் ஆழ்ந்து எழுதுகிறவர்கள் வாரந்தோறும் எழுதுவதில்லை. உடல்நலம், வீட்டு வேலை, வேறொரு நூலில் மூழ்கிப்போவது என்று இடைவெளி விழத்தான் செய்யும். அந்த இடைவெளியைத் தாங்குகிற கருவியே உங்களுக்கு ஏற்றது.

என் பழைய வலைப்பூவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் எழுதிய எதுவும் கோப்பாக என் கணினியில் இல்லை. எல்லாம் எங்கோ ஒரு சர்வரில், தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்குள் கிடந்தது. சர்வரை மாற்ற வேண்டி வந்தபோது தரவுத்தளத்தை இறக்கி வேறிடத்தில் ஏற்றினேன். அங்கே எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை), உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடாக இல்லாமல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 ஆக இருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்தைத் திறந்தால் தலைப்பு இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அதன் கீழே பத்தி பத்தியாகக் கேள்விக்குறிகள். மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூடத் தனியாக ஒரு கேள்விக்குறி விழுந்திருந்தது. சொல்லிடைவெளிகளும் காற்புள்ளிகளும் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்ததால், என் வாக்கியங்கள் எங்கே முடிந்தன என்பது தெரிந்தது. என்ன சொல்லின என்பது தெரியவில்லை. லத்தீன்-1 இல் தமிழுக்கு இடமே கிடையாது. அதற்கு மாற்றும்போது கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிட்டால், அது ககரமா மகரமா என்று மீட்டெடுக்க வழியில்லை. பழைய சர்வரை அதற்குள் மூடிவிட்டிருந்தேன். 43 இடுகைகள் போயின. அவற்றில் சில, இன்றைக்கு மறுபடி உட்கார்ந்தாலும் என்னால் எழுத முடியாதவை.

ஆகவே முதலில் மென்பொருளை மறந்துவிட்டு, கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஓர் உரைக்கோப்பு. கோப்பின் பெயரில் தேதி. உள்ளே மேலே தலைப்பு, அதன் கீழே நீங்கள் எழுதியது. தடித்த எழுத்தோ துணைத்தலைப்போ தேவைப்பட்டால், ஜான் க்ரூபர் 2004 இல் வெளியிட்ட மார்க்டவுன் முறை போதும்: சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி (*) இட்டால் அது தடித்த எழுத்து, அவ்வளவுதான். நோட்பேடில் சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்புறைதான் உங்கள் வலைப்பூ. இணையத்தில் தெரிவது அதன் நகல். காப்பு நகல் எடுப்பது என்பதும் இந்தக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் போட்டு வைப்பதாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றித்தரும் நிரல்கள் பல உண்டு. 2008 இல் வந்த ஜெகில் நல்ல கருவி. ஆனால் அது இயங்க ரூபி என்ற நிரல்மொழியும் அதன் நிரலகங்களும் கணினியில் இருந்தாக வேண்டும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் வேண்டும். 2013 இல் வந்த ஹியூகோ ஒரே ஒரு இயங்கு கோப்பு. உங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன், அதுவும் ஒரு நிபந்தனையோடு: முதலில் பயன்படுத்திய பதிப்பையே உங்கள் கோப்புறைக்குள் பத்திரப்படுத்தி, காரணமில்லாமல் புதுப்பிக்காதீர்கள். அது உங்கள் கணினிக்குள் மட்டும் இயங்குவதால், இணையத்தில் திறந்து கிடக்கும் பழைய மென்பொருளைப் போல ஊடுருவலுக்கு வழிவிடாது. அது ஆக்கித்தரும் பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல், அதாவது உலாவி நேரடியாகப் படிக்கும் உரை; அது எளிதில் பழசாகிவிடாது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991 இல் வெளியிட்ட முதல் வலைத்தளத்தின் நகலை இன்றைய உலாவியிலும் தடையின்றிப் படிக்க முடிகிறது என்பதைவிட இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த வேர்ட்பிரஸ் 2003 முதல் இருந்துவருகிறது. பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கும், கைப்பேசியிலிருந்தே எழுதி வெளியிட நினைப்பவருக்கும் அது பொருத்தமானது. ஆனால் அதன் மூல நிரல், அது இயங்கும் பிஎச்பி நிரல்மொழி, தரவுத்தளம், கூடுதல் வசதிகளுக்காக ஆளுக்கொருவர் எழுதிய பிளக்இன்கள் என ஒவ்வொன்றையும் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓராண்டு கவனிக்காமல் விட்ட தளங்களைத் தேடிப்பிடிப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இணையத்தில் அலைகின்றன. தனியொருவர் சில கட்டுரைகள் எழுத இவ்வளவு சுமை எதற்கு என்பது என் எண்ணம்.

இலவசத் தளங்களில் எழுதுவதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஜியோசிட்டீஸ் 2009 இலும் போஸ்டரஸ் 2013 இலும் மூடப்பட்டபோது, எழுதியதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கும் பழைய முகவரி கையைவிட்டுப் போனது. பெயர் உங்களுடையதாக இருந்தால், இடம் மாறினாலும் வாசகர் அதே முகவரிக்கு வருவார்.

முகவரி என்றதும் உங்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒன்று நினைவுக்கு வருகிறது. கட்டுரையின் முகவரியில் ‘மழை’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்களுக்குக் கற்பித்தபடி அது ஈரெழுத்துச் சொல். யூனிகோடிலோ மகரம், ழகரம், ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு). முகவரியாகப் பகிரும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு (%) சேர்ந்து மூன்று குறிகளாகிவிடும். ஆக இரண்டெழுத்து 27 குறிகளாக நீண்டு, மின்னஞ்சலில் பாதியில் முறிந்தும் போகலாம். எனவே தலைப்பு தமிழில் இருக்கட்டும்; முகவரிக்கு ஆண்டும் ஒரு வரிசை எண்ணும் போதும். ஒருமுறை வைத்த முகவரியைப் பிறகு மாற்ற வேண்டாம்.

மற்றவை சிறியவை. புதிய கட்டுரை வந்ததை வாசகருக்குத் தெரிவிக்கும் செய்தியோடையை ஹியூகோ தானாகவே ஆக்கிவிடும். மறுமொழிப் பெட்டிக்குப் பதிலாக, கட்டுரையின் அடியில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சான்றிதழைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழங்கியாக (தளத்தை வைக்கும் சர்வராக) பாருங்கள். டொமைனும் தானாகவே புதுப்பிக்கப்படும்படி அமைத்துவிடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை அமைக்க இணையத்தில் கிடைக்கும் அழகான வார்ப்புருக்களை இறக்காதீர்கள். அவற்றை எழுதியவர் கைவிட்டபின் பழுதுபார்க்க ஆளிருக்காது. உங்களுக்குத் தேவையான மூன்று வார்ப்புருக்களையும், எந்த வரி எதற்கு என்ற தமிழ்க் குறிப்புகளோடு, நானே எழுதித் தருகிறேன்.

இப்போதைக்கு முதல் மூன்று கட்டுரைகளை உரைக்கோப்புகளாக எழுதி, கோப்புறையை அப்படியே அனுப்பிவையுங்கள். மீதியை ஒரு மாலைப்பொழுதில் இருவருமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டே முடித்துவிடலாம்.

அன்புடன்,
தங்கள் மாணவன்