மெய்ம்மறை

அம்மிணிக்கு,

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, ‘ஆர்மருக்குத் தமிழில் என்னப்பா?’ என்று கேட்டு நாலே நிமிஷத்தில் வைத்துவிட்டாய். ‘கவசம்’ என்றேன். உன் விளையாட்டுச் செயலிக்கு அது போதும். 35 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு அதோடு நிறுத்த வரவில்லை. நீ தமிழ் போட்ட முந்தைய விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பையன் ஆடும்போதெல்லாம் ‘இது எங்க அம்மிணி போட்டது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்மர், லத்தீனில் ‘ஆர்மா’விலிருந்து வந்தது. ஆயுதம் என்று அர்த்தம். காக்கிற பொருளுக்கு அடிக்கிற பொருளின் பேர்! கவசம் வடசொல்தான், ஆனால் புறநானூற்றிலேயே வந்துவிட்டது, கூசாமல் போடு. 13ஆம் பாட்டு. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஏறிய யானைக்கு மதம் பிடித்து, சேரனின் கருவூருக்கே வந்துவிடுகிறது. (நம்ம கரூர்தான் என்பேன், கேரளத்துக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள்.) சோழன் மார்பில் அம்பு கிழித்த புலிநிறக் கவசம். சேரனோடு மாடத்தில் இருந்து பார்க்கிற புலவர் முடமோசியார், பகைவன் என்றும் பாராமல், ‘நோயிலன் ஆகிப் பெயர்க’ என்கிறார். நோவில்லாமல் திரும்பட்டும் என்று. வகுப்பில் நான் யானையைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

பதிற்றுப்பத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. மெய்ம்மறை. சேர அரசனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறார்கள். சான்றோர் என்றால் அங்கே வீரர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று அடியைத் தான் வாங்குகிறவன். மெய் என்றால் உடம்பு. உண்மையும் மெய்தான்.

முல்லைப்பாட்டில் யவனர் போட்ட சட்டைக்கு மெய்ப்பை என்று பேர். வீடியோவில் நீயும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய். மே மாத நாக்பூரில். ஏசி என்றாய். சரி. தண்ணீர் நிறையக் குடி, மோரும் குடி.

இங்கே மோட்டார் சரியாகிவிட்டது. காந்திகிராமம் வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்ல வேண்டாம். தண்ணீர் குடி.

நீ எட்டாவது படித்தபோது, அந்த மார்ச் வெயிலில் ஒரு வாரம் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாய். ‘குளிருதுப்பா’ என்றாய். நம்பியவன் போல இருந்துவிட்டேன். ஸ்கேலால் அடித்தது யார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர். மறுநாளும் அவரோடுதான் டீ குடித்தேன். ராத்திரி அம்மா உன் கையில் தேங்காய் எண்ணெய் தடவும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே வரவில்லை. நீ அழக்கூட இல்லை, அது இன்னும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து நாக்பூருக்கு ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். 19ஆம் தேதி நானும் அம்மாவும் கிளம்புகிறோம். நீ ஒன்றும் சமைத்து வைக்க வேண்டாம், அம்மா கட்டிக்கொண்டு வருவாள். வருவதற்கு இரண்டு டிக்கெட், திரும்புவதற்கு மூன்று. வேண்டாம் என்றால் ஒன்றை ரத்து செய்துகொள்ளலாம், பெரிய காசு இல்லை.

அப்பா