உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு சொற்கள்

அன்புள்ள அப்பாவுக்கு மகன் எழுதிக்கொள்வது.

நான் இங்கு நலம். தாங்களும் அம்மாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று மாதங்களாகக் கடிதம் எழுதாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசியதோடு நிறுத்திக்கொண்டது என் தவறுதான். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது.

மொரீஷியஸ் என்றால் கடலும் வெயிலும் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். நான் இருக்கும் கியூர்பிப் மேட்டு நிலத்து ஊர். நமக்கு ஆடி, ஆவணி என்றால் இங்கே குளிர்காலம், பகலெல்லாம் தூறல். குளிரில் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கிவிடுவதால், பூஜைக்குக் கால் மணி நேரம் முன்பே வந்து வெறுமனே ஊதிக் குழலைச் சூடேற்றிக்கொள்கிறேன். கம்பளிச் சட்டை வாங்கினாயா என்று அம்மா கேட்டிருந்தார்கள். சால்வையே போதுமானதாக இருக்கிறது. சித்தப்பா மகன் தை மாதம் ஊர் திரும்பிய பிறகு, இந்த ஊர்ப் பையன் ஒருவனைத் தவிலுக்குப் பழக்கியிருக்கிறேன். தாளத்தை முடித்துத் தீர்மானம் வைக்கும்போது மட்டும் அவசரப்படுகிறான்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி வந்தவர். பேசுவது கிரியோல், தமிழில் சாமி, கற்பூரம், தாலி என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் மிச்சம். ரசத்தை ‘ராசோன்’ என்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். பூண்டு தூக்கலாக இருக்கும், குளிருக்கு இதம். போன மாதம் அவர் பேத்தியின் கல்யாணத்துக்கு நான்தான் வாசித்தேன். வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறுவதற்கு முன், பாட்டி என் நாதஸ்வரத்தின் கீழ்முனை அணசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊஞ்சலுக்குக் குறிஞ்சி ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற மணப்பெண்ணின் முகம் பாப்பாவின் முகமாகவே தெரிந்தது. அதற்குமேல் என்னால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க முடியவில்லை.

இப்போது பாப்பாவின் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் இருபது பவுன் கேட்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எப்படியும் புரட்டிவிடலாம், அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். (இந்த மாதப் பணம் மட்டும் பத்துப் பதினைந்து நாள் தள்ளி வரும், வேறொன்றுமில்லை.) ஆனால், கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘நாதஸ்வர வித்வான்’ என்று போட வேண்டாம், அவர்களுடைய உறவினர்கள் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள் என்று கேட்டிருப்பதும், அம்மா அதற்குச் சம்மதித்துவிடலாம் என்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ் இருக்கிறது. 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்ததால், அச்சான நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. இதைப் பாட்டி ஒரு நோட்டை விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து எனக்குச் சொன்னார். பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். அந்த வரியை வாசிக்கக்கூடப் பாட்டிக்குத் தெரியாது. எழுத்தறியாத மொழிக்காகவே இவர்கள் ஒரு வரி இறங்கச் சம்மதிக்காதபோது, நம் இருவருக்கும் இன்றுவரை சோறு போடும் தொழிலை நாமே எப்படி அடித்துவிடுவது? நாளைக்கு அந்த வீட்டில் பாப்பாவிடம், உன் அப்பா யார் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவளைத் தனியாக உட்கார வைத்து, அவள் மனதில் இருப்பதைக் கேளுங்கள். அவளிடம் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

மேலத்தெரு மாமாவையே பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். பவுனுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நாதஸ்வரச் சீவாளியில் இரண்டுதான் மிச்சம்; உங்கள் பழைய வேட்டித் துணியில் முடிந்தே வைத்திருக்கிறேன், அவிழ்த்தால் நம் வீட்டுத் திண்ணையின் வாசனை வருகிறது. திருவாவடுதுறைப் பக்கம் போகும்போது ஒரு டஜன் வாங்கி அனுப்புங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் அதன் மாதிரியைப் பாப்பாவிடம் சொல்லி எனக்குப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்