சென்னை நாள்காட்டியும் சிங்கப்பூர் நிச்சயதார்த்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசியில் நிச்சயதார்த்தம் வைக்க நினைக்கும் குடும்பங்கள் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகின்றன. தாம்பூலம் மாற்றும் நேரத்தை மட்டும் ஊரிலிருந்து வந்த தினசரி நாள்காட்டியைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் குறித்துவிடுகின்றன. அந்த நேரம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது. இதை விளக்கமாக எழுதவே இக்கடிதம்.

நாள்காட்டியில் இருவகை நேரங்கள் உண்டு. திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் உலகெங்கும் ஒரே கணம். இந்திய நேரத்தோடு 2 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம் கிடைத்துவிடும். அங்கே இரவு 10.15 வரை என்று போட்டிருக்கும் திதி, இங்கே நள்ளிரவு தாண்டி 12.45 வரை இருக்கும். ராகு காலம், எமகண்டம், கௌரி நல்ல நேரம், லக்னம் (அந்நேரத்தில் கீழ்வானில் உதிக்கும் ராசி) ஆகியவை அப்படியல்ல. அவை அந்தந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தவை. அவற்றோடு இரண்டரை மணி கூட்டுவதும் தவறு, அச்சிட்டபடியே எடுத்துக்கொள்வதும் தவறு.

நாள்காட்டியில் உள்ள ராகு காலம் காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. சிங்கப்பூரில் அக்டோபர், நவம்பரில் சூரியன் 6.45ஐ ஒட்டி உதித்து, மாலை 6.50ஐ ஒட்டி மறைகிறது. அந்தப் பகலை எட்டாகப் பிரித்தால் சனிக்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 9.50 முதல் 11.20 வரை வரும். நாள்காட்டி சொல்வதோ 9 முதல் 10.30. “பத்தரைக்கு ராகு காலம் முடிந்துவிடும், 10.45க்குத் தட்டு மாற்றலாம்” என்று முடிவு செய்பவர்கள் ராகு காலத்தின் நடுவிலேயே தட்டு மாற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இன்னும் சிக்கல். 4.30 முதல் 6 என்று இருப்பது இங்கே ஏறத்தாழ 5.20 முதல் 6.50 வரை. ஞாயிறு 6 மணிக்கு நிச்சயம் என்று பத்திரிகை அடிப்பவர்கள் பலர்.

லக்னத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சென்னையில் காலை 7.30 முதல் 9 வரை என்று குறித்த லக்னம் இங்கே சுமார் 8.20க்குத்தான் தொடங்கும். துல்லியமான நிமிடத்தைச் சிங்கப்பூர் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கணித்துத் தரச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் ஜோசியரிடம் கேட்பதானால் “சிங்கப்பூரில் நடக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். பழைய குடும்பக் குறிப்புகளில் திதி, நட்சத்திரத்துக்கு இரண்டு மணி கூட்டியிருந்தால் அது அக்காலத்துக்குச் சரி. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் அரை மணி முன்னே போய்விட்டது.

இனி நாள். புரட்டாசியில் மகாளய பட்சமும் பெருமாள் விரதமும் இருப்பதால் பெரும்பாலோர் சுப காரியம் வைப்பதில்லை. அப்படியே வைத்தாலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் பக்கம் விருந்தினரை வரச் சொல்வது அவர்களுக்குச் சிரமம். 2026ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மறுநாள் திங்கள் விடுமுறை என்பதால் அன்றே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அந்தத் திங்களன்று பிற்பகல் 3 மணி வரை அமாவாசை, அதன் பிறகு பிரதமை. பல குடும்பங்கள் இரண்டையுமே தவிர்ப்பவை. ஐப்பசி வளர்பிறையில் முழு வாரயிறுதி என்று பார்த்தால் அக்டோபர் 24, 25, பிறகு நவம்பர் 14, 15, அவ்வளவுதான். பின்னது கந்த சஷ்டி நாள்களில் வருவதால் முருகன் கோயில் மண்டபங்களில் இடம் கிடைப்பது கடினம், விரதம் இருக்கும் உறவினரும் இருப்பார்கள். முன்னது சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வுக் காலம். உறவில் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டு நாள் குறிப்பதே முறை.

தீபாவளி நெருக்கம் வேறெந்த மாதத்திலும் இல்லாத தொல்லை. தேக்கா நிலையத்து மேல்தளத் தையற்கடைகளில் தீபாவளிக்கு நான்கைந்து வாரம் இருக்கும்போதே வேலை குவிந்துவிடும். ரவிக்கையை ஆவணியிலேயே அளவெடுக்கக் கொடுத்துவிடுங்கள். மோதிர அளவைக் குளிரூட்டிய கடையில் காலையில் எடுத்தால் மாலை வெக்கையில் விரல் பருத்து மோதிரம் முட்டியில் நிற்கும். மாலையில், சற்று நடந்துவிட்டு எடுப்பதே சரி. தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன் தீமிதி வரும். பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை 4 கிலோமீட்டர் பக்தர்கள் நடப்பதால் அந்த இரவில் அவ்வழியே மாலையோ சாப்பாடோ நேரத்துக்கு வந்து சேராது.

மல்லிகை நமக்குத் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. அங்கே மழையும் பனியும் தொடங்கினால் மொட்டு குறையும். இங்கே அதே வாரம் தேவை ஏறும். ஐம்பது பெண்களுக்குத் தலைக்கு அரை முழம் என்றால் 25 முழம், ஆரத்தி எடுப்போருக்கும் தட்டுகளுக்கும் சேர்த்து 32 முழம் சொல்லுங்கள். முன்னிரவே வாங்கினால் வாழையிலையில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்த பூ வெளியே எடுத்த அரை மணியில் கறுத்துவிடும். வெற்றிலையை ஈரத்துணியில் பொதிந்து, தட்டு அடுக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். மண்டபத்துக் குளிர்காற்றில் விரித்து வைத்தால் நுனி சுருண்டுவிடும். தாம்பூலப் பையை ஆளுக்கு ஒன்று என்று கணக்கிடாதீர்கள். நூறு பேர் என்றால் முப்பத்தைந்து, நாற்பது குடும்பங்கள்தான். 45 பை போதும், 45 தேங்காய் போதும்.

அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடியுடன் மழை வருவது வழக்கம். இலையுதிர் கால விருந்து என்று இணையத்தில் பார்க்கும் திறந்தவெளித் தோட்ட அமைப்பை இங்கே அப்படியே செய்ய முயல்வது பணத்துக்குக் கேடு. அந்த மஞ்சள், செம்பழுப்பு நிறம்தான் வேண்டுமென்றால் செவ்வந்தியும் தென்னங்குருத்துத் தோரணமும் தாராளமாகக் கொடுக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கீழ்த்தளம் என்றால் நகர மன்ற அனுமதி முதலில். மேடையைத் தூண்களுக்கு உள்ளே, சாரல் அடிக்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி அமையுங்கள். எட்டடி உயரப் பின்திரை காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். இரு கால்களிலும் மணல் மூட்டை கட்டாயம். மின்கம்பி தரையில் ஓடினால் சாரல் தண்ணீரில் கிடக்கும், தூணில் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். குளிரூட்டிய அறையென்றால் குத்துவிளக்கைக் காற்றுவழிக்கு நேரே வைக்காதீர்கள். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் அனுமதி உண்டா, புகை உணர்கருவி எங்கே இருக்கிறது என்பதை முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்.

நேரக் கணக்கு சாப்பாட்டையும் தொடும். பஃபே உணவைச் சமைத்து முடித்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும், பாத்திரத்தின் அருகிலேயே அந்த நேரம் எழுதியிருக்கும். ஞாயிறு மாலை 6.50 கழித்துப் பிள்ளையார் பூஜை தொடங்கினால் பத்திரிகை வாசிப்பு, தட்டு மாற்றுதல், பெண் நிச்சயப் புடவை கட்டி வருதல், மோதிரம், ஆரத்தி எல்லாம் முடிய 8.15 ஆகும். புடவை மாற்றத்துக்கு மட்டும் 25 நிமிடம் ஒதுக்குங்கள், எல்லாரும் பத்து என்றே போடுகிறார்கள். நாலரைக்குச் சமைத்து முடித்த உணவென்றால் விருந்தினர் தட்டெடுத்த கால் மணியில் கெடு முடிந்துவிடும். 7.30க்குக் கொண்டுவரச் சொல்லி, சமைத்து முடிக்கும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாயசத்துக்கு ஆளுக்கு 100 மில்லி, நூறு பேருக்குப் பத்து லிட்டரோடு இரண்டு லிட்டர் கூடுதல். வடை 150.

நிச்சயத்தன்றே பதிவுத் திருமணத்தையும் முடிப்போர், குறைந்தது 21 நாள் முன்னதாக அறிவிப்புத் தாக்கல் செய்திருக்க வேண்டும். 21 வயது நிறைந்த இரு சாட்சிகள் தேவை. தாம்பூலம் மாற்றுவது வாக்கு, கையெழுத்துதான் சட்டப்படி திருமணம். பதிவாளர் வரும் நேரத்தையும் ராகு காலத்துக்கு வெளியே கேட்டு வாங்குங்கள், முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆவணி முதல் கார்த்திகை வரை வாரம் ஒருமுறை, சிங்கப்பூர் உதய அஸ்தமன நேரத்தையும் அதையொட்டிய ராகு காலம், எமகண்டத்தையும் ஏழு வரிகளில் உங்கள் நாளிதழில் போட்டால், வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பல வீடுகள் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
நிச்சயதார்த்த ஏற்பாட்டுப் பணியில் உள்ள வாசகர்கள்,
உட்லண்ட்ஸ்.