டிரெய்லருக்கு ஹிட்ச் பூட்டிக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும்போது முன் அச்சு லேசாகிவிடும். அந்தச் சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பத்தான் எடை பகிரும் ஹிட்ச், அதாவது வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு. அதன் ஸ்பிரிங் பார்கள் (சங்கிலியால் டிரெய்லர் சட்டத்தோடு மேலே இழுத்து இறுக்கும் எஃகுக் கம்பிகள்) தரைக்கு இணையாக நிற்பதைக் காட்டி, "செட்டிங் சரி" என்று வண்டியை அனுப்பிவிடுகிறீர்கள். முன் அச்சுக்கு எவ்வளவு சுமை திரும்பியது என்பது பாரைப் பார்த்தால் தெரியாது. முன்சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்தால்தான் தெரியும்.

முதலில் பார் தேர்வு. காலி டிரெய்லரின் எடையை வைத்துப் பார் கொடுக்காதீர்கள். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். 3,000 கிலோ என்றால் 300 முதல் 450 கிலோ. அதை எடைபோட்டுப் பார்த்து, அதோடு வண்டியின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமானையும் கூட்டிப் பாரை எடுங்கள். "இருக்கட்டும்" என்று மிகக் கனமான பாரைப் போட்டால் குலுக்கல் முழுதும் டிரெய்லர் சட்டத்தில் இறங்கும். இந்த ஹிட்ச், வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அதிகபட்ச இழுவை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

முன்சக்கர வளைவின் உயரத்தை மூன்று முறை அளக்க வேண்டும். உதாரணமாக, டிரெய்லர் இல்லாமல் 900 மில்லிமீட்டர். பார் இல்லாமல் மாட்டியதும் 930 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் கையேடு பாதி மீட்பு, அதாவது ஏறிய உயரத்தில் பாதி இறங்க வேண்டும் என்று கேட்டால், பார் இறுகியபின் 915 வர வேண்டும். எந்த வண்டியிலும் டிரெய்லர் இல்லாத அந்த முதல் அளவுக்குக் கீழே போகக் கூடாது: பின்சக்கரத்தின் பிடி குறைந்து, ஈரச் சாலையில் பிரேக் போட்டால் வண்டியும் டிரெய்லரும் இணைப்பில் கத்தி போல மடங்கும். குறைவாக இறுக்கினாலோ ஸ்டியரிங் லேசாகி, முகப்பு விளக்கு வானம் பார்க்கும்.

உயரம் இறங்கவில்லை என்றால் ஹிட்ச்சின் தலைப்பகுதியில் (பார்கள் செருகும் இடம்) ஒரு வாஷர் சேர்த்து அதை டிரெய்லர் பக்கம் சாயுங்கள், அல்லது சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றுங்கள்; இரு பக்கமும் ஒரே கண்ணி. பாருக்கும் சங்கிலி மாட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள கண்ணிகள் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைந்தால் வளைவில் சங்கிலி இழுபட்டு அறும். கப்ளரை (ஹிட்ச் பந்தின் மேல் உட்காரும் டிரெய்லர் பூட்டு) பூட்டியபின் ஜாக்கால் டிரெய்லர் மூக்கையும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டுச் சங்கிலியை மாட்டுங்கள். தூக்காமல் கம்பியால் நெம்பினால் கம்பி தெறித்து முகத்தில் அடிக்கும்.

மூன்று உயரங்கள், வாஷர் எண்ணிக்கை, கண்ணி எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி, சாவியோடு கொடுங்கள்.