டியேகோ கார்சியாவில பிறந்த சனத்தை அங்கயே போய் இருக்க விடுங்கோ – கோரிக்கை மனு

பெறுநர்: வெளியுறவு அமைச்சர் அவர்கள், பிரித்தானிய அரசு, லண்டன்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

நாங்கள் பிரித்தானியாவில இருக்கிற ஈழத்தமிழ் ஆக்கள். இந்து சமுத்திரத்தில டியேகோ கார்சியாவும் சேந்த சாகோஸ் தீவுகளில இருந்து, அமெரிக்கத் தளம் போடவெண்டு பிரித்தானியா எழுப்பின சனத்துக்காக இந்த மனுவை எழுதுறம். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் இதோட சேத்துத்தான் வருது, ஆனா முதல் தமிழில எழுதினது ஏனெண்டா கையெழுத்து வைக்கிற எங்கட அம்மா அப்பாமார் என்னத்துக்கு வைக்கிறம் எண்டு வாசிச்சு விளங்கித்தான் வைக்கோணும். சாகோஸ் சனத்துக்கு அந்த வசதி கிடைக்கேல்ல. 1982இல ஒத்துக்கொண்ட 4 மில்லியன் பவுண் நட்டஈட்டைப் பிரிச்சுக் குடுக்கேக்க, திரும்பிப் போற உரிமையை விட்டுத்தாறம் எண்டு இங்கிலீஷில எழுதின பேப்பரில, வாசிக்கத் தெரியாத கிழவியளிட்டயும் பெருவிரல் அடையாளம் வாங்கினவை.

நாங்கள் கேக்கிறது ஒண்டுதான். டியேகோ கார்சியாவில பிறந்த ஆக்களும் அவையின்ர பிள்ளையளும் அந்தத் தீவிலயே போய் இருக்க அனுமதி குடுங்கோ. 2025 மே 22 மொரிசியசோட நீங்கள் செய்த ஒப்பந்தத்தில பெரோஸ் பான்ஹோஸ், சலமோன் மாதிரி மற்றத் தீவுகளில சனத்தைக் குடியேத்தலாம் எண்டு இருக்கு, டியேகோ கார்சியா மட்டும் 99 வருசத்துக்கு அமெரிக்கத் தளத்துக்கே. 99 வருசம் எண்டா அங்க பிறந்த ஒரு சீவனும் மிஞ்சாது.

1966இல உங்கட அலுவலகத்தில எழுதின குறிப்பில, கடற்பறவையளைத் தவிர அங்க பூர்வீகக் குடி எண்டு ஒண்டும் இருக்காது எண்டு கிடக்கு. 1700களின்ர கடைசியில ஆபிரிக்காவில இருந்தும் மடகஸ்கரில இருந்தும் அடிமையளாக் கொண்டு வந்து, பிறகு இந்தியாவில இருந்தும் கூலியாக்கள் வந்து, தென்னந்தோட்டத்தில கொப்பரா காயவைச்சு, தங்களுக்கெண்டு ஒரு கிரெயோல் பாஷையும் செகா பாட்டுமா அஞ்சாறு தலைமுறை வாழ்ந்த சனத்தை ஒப்பந்தக் கூலியள் எண்டு பதிஞ்சு போட்டு எழுப்பினனீங்கள். மொரிசியசுக்கு மருந்தெடுக்கப் போனவையை 1968இல இருந்து திரும்பக் கப்பலில ஏத்தேல்ல. 1971இல டியேகோ கார்சியாவில அவை வளத்த நாய்களைப் பிடிச்சு, கொப்பரா காயவைக்கிற கொட்டிலுக்க அடைச்சு, வாகனப் புகையை விட்டுச் சாகடிச்சவை, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கத்தான். பிறகு நோர்ட்வேர் எண்ட கப்பலில சனத்தையே ஏத்தினது, குதிரையள் மேல் தட்டில, பொம்பிளையளும் பிள்ளையளும் கீழ உர மூட்டையளுக்கு மேல. 1973க்குள்ள எல்லாத் தீவும் வெறுமை.

பாதுகாப்புக் காரணம் எண்டு சொல்லுவியள். அந்தத் தளத்தில பிலிப்பைன்ஸில இருந்து வந்த சிவிலியன் ஆக்கள் கான்ட்ராக்டில வேலை செய்யினம், அதால பாதுகாப்புக்கு ஒண்டும் நடக்கேல்ல. வெளித்தீவுகளில பாய்க்கப்பல்காரர் பெர்மிட் எடுத்து நங்கூரம் போட்டவை. 2021 ஒக்டோபரில எங்கட தமிழ்ச் சனம் வந்த வள்ளத்தை அங்க கொண்டுபோய், வேலி போட்டு டென்டுக்குள்ள மூண்டு வருசம் வைச்சிருந்தனீங்கள், அது சட்டவிரோதத் தடுப்பு எண்டு 2024 டிசம்பரில கோர்ட்டே சொல்லிப்போட்டுது. வெளிய போகவேணும் எண்டு அழுத சனத்தை அங்க வைச்சிருக்க இடம் இருந்ததெண்டா, உள்ள போகவேணும் எண்டு அழுற சனத்துக்கு இடமில்லை எண்டது எந்த நியாயம்?

எங்களில கனபேர் வலிகாமம் வடக்கில இருந்து 1990இல எழும்பி ஓடி, பிறகு உயர் பாதுகாப்பு வலயம் எண்டு வேலி போட்டதால சொந்தக் காணியைப் பாக்கேலாமக் கிடந்தவை. அதாலதான் இந்த விசயம் எங்களுக்குச் சுடுது.

2000ஆம் ஆண்டு உங்கட ஹைகோர்ட், எழுப்பினது சட்டப்படி பிழை எண்டது, 2004இல பாராளுமன்றத்திலயும் கேக்காம அரச ஆணையால அதை மாத்தினனீங்கள். 2019இல சர்வதேச நீதிமன்றமும் சாகோசை மொரிசியசில இருந்து பிரிச்சது சட்டப்படி சரியில்லை எண்டு சொல்லியாச்சு. 2006இல நூறு பேரளவில கூட்டிக்கொண்டுபோய் கல்லறையளைத் துப்பரவாக்கி பூ வைக்க விட்டு, திரும்பக் கப்பலேத்தினனீங்கள்.

தளத்தை எடுக்கச் சொல்லேல்ல. தீவின்ர கிழக்குப் பக்கம் பழைய தோட்டமும் வேதக்கோயிலும் இருந்த இடம் ஈஸ்ட் பொயின்ட், அங்க வீடு கட்ட விடுங்கோ, தளத்தில வேலையும் முதல்ல அவைக்குக் குடுங்கோ. ஒப்பந்தத்தில சொன்ன 40 மில்லியன் பவுண் நிதியை எப்பிடிச் செலவழிக்கிறதெண்டு இங்கிலாந்தில கிரோலி ஊரிலயும் மொரிசியசிலயும் சீஷெல்ஸிலயும் இருக்கிற சாகோஸ் சனமே முடிவெடுக்கோணும். இனி ஒரு பேப்பர் எழுதிறதெண்டாலும் அவையைக் கூப்பிட்டு, அவையின்ர கிரெயோலில வாசிச்சுக் காட்டிப்போட்டு எழுதுங்கோ. இந்த மனுவுக்கான பதிலை எங்களுக்கு அனுப்ப முதல் கிரோலியில இருக்கிற அந்தச் சனத்துக்கு அனுப்பும்படி கேக்கிறம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்து வைச்ச பிரித்தானியத் தமிழர்