மணிக்கு 400 போதுமா?

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் பத்தாவது என்பதால் வீட்டில் டிவிக்கு விடுமுறை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த பனியன் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து சீனம் சொல்லித்தரச் சொல்கிறார், மணிக்கு 400 கேட்டால் அதிகமாகத் தெரியுமா என்று தயங்குகிறாய். அடிப் பாவி! எங்கள் தெருவில் பிளஸ் டூ கணக்குக்கே அதற்கு மேல் வாங்குகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். ஸ்கூட்டியில் போகவர ஒரு மணி, பாடம் தயாரிக்க அரை மணி, வகுப்பு ஒரு மணி. இரண்டரை மணி நேரத்துக்கு 400 என்றால் மணிக்கு 160தான். பெட்ரோலை வேறு கழிக்க வேண்டும். நானும் முதலில் 350 ரூபாய்க்கு இரண்டு வருஷம் ஓடினேன். பணம் போனதைவிட வேறொன்றுதான் வலித்தது. மலிவாகக் கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை. நான் கேட் வாசலில் நிற்கும்போது, "இன்னிக்கு வேணாம் மேடம், லோடு வந்திருக்கு" என்பார் ஒருவர். அந்த நாளுக்குக் காசும் கிடையாது.

உன் பனியன்காரர் சொல்லுவார், சீனாக்காரங்களே ஆன்லைனில் குறைந்த காசுக்குச் சொல்லித் தருகிறார்களே என்று. உண்மைதான். ஆனால் பெய்ஜிங்கின் முதல் எழுத்தை இங்கிலீஷ் 'பி' மாதிரி அதிரவிடாமல், நம் 'பல்'லில் வருகிற 'ப' மாதிரி சொன்னாலே போதும் என்று அவர்களால் சொல்ல முடியுமா? தமிழ்க்காரிக்குத்தான் அது தெரியும். அதற்குத்தான் விலை.

என்னிடம் ஒரு பாரிமுனை வியாபாரி வருகிறார். ஏப்ரல், அக்டோபர் ஆனால் சீனாவில் குவாங்சோ வியாபாரக் கண்காட்சிக்குக் கிளம்பிவிடுவார். சீனத்தில் வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'; அவருக்கு இரண்டும் ஒன்றுதான். குரல் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, வெட்டினாற்போல் விழுந்தால் விற்பது. வாங்கப் போனவர் விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்! சீனத்தில் நாலுக்கு 'ஸ்', பத்துக்கு 'ஷ்'. இவையும் அவர் வாயில் ஒன்றுதான். கால்குலேட்டரை மேஜையில் வைத்துக்கொண்டு, நான் விலை சொல்ல அவர் தட்ட, மூன்று வாரம் இதே பாடம். ஒரு நாள் பத்துக்கு நாலைத் தட்டிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டார். டெல்லி ஜே.என்.யு. விடுதிக் குளிரில் நாம் போர்வைக்குள் சீனத்தின் குரல் ஏற்ற இறக்கங்களைச் சொல்லிப் பழகினது ஞாபகம் வந்தது.

இப்போது நான் வாங்குவது: அவர்கள் இடத்துக்குப் போனால் 800, என் வீட்டுக்கு வந்தால் 600, ஆன்லைன் என்றால் 500. கம்பெனி என்றால் 1,200. வருமான வரிக்கென்று டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு, பில் கொடுத்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் தருகிறார்கள். திருப்பூரில் கொஞ்சம் குறையலாம், ஆனால் 600க்குக் கீழே இறங்காதே. மாதம் எட்டு வகுப்புக்கு முன்பணம். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் சொல்லாமல் நின்றால் அந்த வகுப்பு போனது போனதுதான். இதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடு; மூன்றாம் மாதம் சொன்னால் சண்டையாகிவிடும்.

சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் நான் இப்படிக் கறாராக இருப்பதில்லை. பாடம் இங்கிலீஷில் என்றாலும் வார்டில் நோயாளி சீனத்தில்தானே பேசுவார்? மூன்று நாலு பேராகச் சேர்த்து உட்கார வைத்து தலைக்கு 250 வாங்குகிறேன். பழைய 350 ரூபாய் மாணவி ஒருத்தியும் இன்னும் இருக்கிறாள். ஏற்ற மனசு வரவில்லை. நீ என்ன செய்வாய்?

பனியன்காரர் என்ன சொன்னார் என்று சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
லதா